உருவில் ஒத்த ஈக்கள்: அறிகுறியைப் பார்த்துக் குழப்பத்தைத் தீர்க்கும் வழிமுறை

நுண்ணோக்கியின் அடியில் ஈ இருக்கிறது. பக்கத்தில், படிப்படியாகக் கேள்வி கேட்டு ஈயின் பெயருக்கு இட்டுச்செல்லும் இனங்காணும் திறவுகோல் விரிந்திருக்கிறது. பேரினம் வரை தடையில்லாமல் வந்தாகிவிட்டது. அதற்கு மேல் ஓர் அடிகூட நகரவில்லை. இந்த இடத்தில் பலரும் எஞ்சியிருக்கும் இரண்டு பெயர்களில் ஓரளவு பொருந்துவது எதுவோ அதை எழுதி முடித்துவிடுகிறார்கள். அப்படி எழுதப்பட்ட ஒரு பெயர் பின்னால் பட்டியல்களில் ஏறும், பரவல் வரைபடங்களில் ஏறும், அதை நம்பி இன்னொருவர் ஆய்வு செய்வார். ஆகவே நகராத இடத்தில் நின்று, ஏன் நகரவில்லை என்று பார்ப்பதுதான் முறை. ஒவ்வொரு காரணமும் தனக்கென ஓர் அறிகுறியைக் காட்டும். கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் முன்னால் இருக்கும் சிக்கலிலிருந்து தொடங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்: ஈ ஆணா, பெண்ணா? பச்சை ஈ, நீல ஈ, இறைச்சி ஈ போன்ற குழுக்கள் பலவற்றில் ஆணின் கூட்டுக்கண்கள் உச்சந்தலையில் நெருங்கியோ ஒட்டியோ இருக்கும். பெண்ணுக்கு நடுவே அகலமான நெற்றி இருக்கும். இதற்கு விலக்குகள் உண்டு. அதனால் வயிற்றின் நுனியையும் பாருங்கள். ஆணுக்குரிய கேள்வியைப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டு பல மணி நேரம் வீணாவது இந்தத் துறையில் அன்றாடம் நடக்கிறது.

அறிகுறி: நிறம் வருணனையோடு ஒத்துவரவில்லை

முதல் ஐயம் வயதின் மேல் வர வேண்டும். கூட்டிலிருந்து வெளிவந்து சில மணி நேரமே ஆன ஈ வெளிறியிருக்கும், உடல் மென்மையாக இருக்கும், இறக்கை முழுதாக விரிந்திருக்காது. பழங்களை மொய்க்கும் சிறு ஈயான டிரோசோஃபிலா சுசுகியின் ஆணுக்கு இறக்கை நுனிக்கருகே உள்ள கரும்புள்ளி பெரிய அடையாளம். ஆனால் இளம் ஆணில் அது தோன்றியிருக்காது. புள்ளி இல்லை என்று அதைத் தள்ளிவிட்டால் தவறு. முன்னங்காலைப் பாருங்கள்: பாதத்தின் முதல் கணுவில் ஒன்று, இரண்டாம் கணுவில் ஒன்று என இரு கரிய பாலினச் சீப்புகள் இருக்கும். பெண்ணில் முட்டையிடும் உறுப்பின் விளிம்பு வலுவான ரம்பப் பற்களோடு இருக்கும். அதோடு நிறுத்திவிடவும் கூடாது. டிரோசோஃபிலா சப்புல்க்ரெல்லாவுக்கும் ஆணில் புள்ளியும் பெண்ணில் ரம்பமும் உண்டு. உயிருள்ள ஈயாக இருந்தால், கொல்வதற்கு முன் ஓரிரு நாள் சர்க்கரை நீர் கொடுத்து வைத்திருங்கள். நிறம் தானாகவே முதிர்ந்துவிடும்.

இரண்டாவது ஐயம் ஆல்கஹால். நீண்ட நாள் ஆல்கஹாலில் கிடந்த ஈயில் நிறம் மங்கும். நனைந்த உடலில் சாம்பல் பூத்தாற்போன்ற நுண்தூள் படலம் கண்ணுக்கே தெரியாது. அந்தப் படலத்தின் வரிகளையும் புள்ளிகளையும் கேட்கும் திறவுகோல் ஈர மாதிரியில் வேலை செய்யாது. வெறுமனே வெளியே எடுத்து உலரவிட்டால் கண்ணும் வயிறும் சுருங்கிவிடும். ஆல்கஹாலின் செறிவைப் படிப்படியாக உயர்த்தி, பிறகு ஹெக்சாமெத்தில்டைசிலசேன் என்ற திரவத்தில் இட்டு, அது ஆவியாகும் வரை ஃபியூம் ஹூட் எனப்படும் ஆவி வெளியேற்றும் பெட்டிக்குள் விட்டுவைத்தால் உருவம் கெடாமல் உலரும். எண்ணெய் கசிந்து உடல் முழுவதும் கறுத்துப் போன, ஊசியில் குத்திய ஈக்கு எத்தில் அசிட்டேட்டில் சில மணி நேர ஊறல் பெரும்பாலும் போதும்.

மூன்றாவது, வெளிச்சம். ஒரே பக்கத்திலிருந்து விழும் கூர்மையான ஒளியில் தூள் படலம் ஒரு கோணத்தில் வெள்ளி, மறுகோணத்தில் கறுப்பு. ஈயைச் சுற்றி மெல்லிய வரைதாளை உருளையாகச் சுற்றி வைத்து, ஒளியை அதன் வழியே பரப்பிப் பாருங்கள். திறவுகோல் பின்புறத்திலிருந்து பார்க்கும்போது என்று சொன்னால், சொன்ன கோணத்திலேயே பாருங்கள்.

வளர்ந்த சூழலும் நிறத்தை மாற்றும். டிரோசோஃபிலா மெலனோகாஸ்டரைக் குளிர்ந்த வெப்பநிலையில் வளர்த்தால் வயிறு கருமையாகும். எனவே ஒட்டுமொத்தமாக இருண்டது, வெளிறியது என்பவற்றை நான் நம்புவதில்லை. குறிப்பிட்ட ஒரு சிறு பகுதியின் நிறம் அப்படியல்ல. அது பெரும்பாலும் நிலையானது. காலிஃபோரா விசினாவையும் காலிஃபோரா வாமிட்டோரியாவையும் எடுத்துக்கொள்ளுங்கள்: இரண்டும் நீல வயிற்றுப் பெரிய ஈக்கள். விசினாவின் கன்னத்தின் முன்பகுதி செம்மஞ்சள், அதன்மேல் கரிய மயிர். வாமிட்டோரியாவின் கன்னம் கறுப்பு, அதன்மேல் செம்மஞ்சள் மயிர். இறக்கையின் அடியில் பேசிகோஸ்டா என்ற சிறு செதில் இருக்கிறது. அது விசினாவில் மஞ்சள், வாமிட்டோரியாவில் கறுப்பு. பச்சை ஈக்களின் பேரினமான லூசிலியாவிலும் அதே செதில் உதவும்: செரிகேட்டாவில் வெளிர்மஞ்சள், சீசரிலும் இல்லஸ்ட்ரிஸிலும் கருமை.

அறிகுறி: திறவுகோல் கேட்கும் முள்மயிர் ஈயின் உடலில் இல்லை

இல்லையா, உதிர்ந்ததா என்பதே கேள்வி. வலுவான முள்மயிர் உதிர்ந்தாலும் அது நட்டிருந்த குழி உதிராது. உருப்பெருக்கத்தைக் கூட்டி, ஒளியைச் சாய்த்து, அந்த இடத்தில் வட்டக் குழி இருக்கிறதா என்று தேடுங்கள். குழியின் அளவே மயிரின் பருமனைச் சொல்லிவிடும். இரு பக்கமும் எண்ணுங்கள். ஒரு பக்கம் இரண்டும் மறுபக்கம் ஒன்றுமாக இருப்பது அரிதல்ல. அப்போது இரண்டு எண்ணிக்கையையும் எழுதிவையுங்கள், வசதியான பக்கத்தை மட்டும் எடுக்க வேண்டாம்.

லூசிலியா செரிகேட்டா, லூசிலியா குப்ரினா இரட்டையர் இந்த எண்ணிக்கைக்கு நல்ல பயிற்சி. தலையின் பின்புறத்தில், உச்சி முள்மயிருக்குக் கீழே உள்ள சிறு மயிர்கள் குப்ரினாவில் பக்கத்துக்கு ஒன்று. செரிகேட்டாவில் பெரும்பாலும் இரண்டு அல்லது கூடுதல். ஈயின் தலை மார்போடு ஒட்டி உலர்ந்திருந்தால் இந்த இடம் தெரியவே தெரியாது. ஊசியில் குத்தும்போதே தலையைச் சற்று முன்னுக்கு இழுத்துவிடும் பழக்கம் அதற்காகத்தான். கூடவே முன்னங்காலின் தொடையைப் பாருங்கள்: குப்ரினாவில் உலோகப் பச்சை, செரிகேட்டாவில் கருநீலம் அல்லது கறுப்பு. மயிரும் தொடையும் ஒரே பெயரைச் சொன்னால் எழுதலாம். இரண்டும் முரண்பட்டால் அவசரப்பட வேண்டாம். இந்த இரண்டுக்கும் இடையே கலப்பு நிகழ்ந்திருப்பது தெரிந்த செய்தி.

அறிகுறி: திறவுகோலின் ஒரு படியில் இரண்டு விடையும் பொருந்துகிறது, அல்லது இரண்டுமே பொருந்தவில்லை

இரண்டும் பொருந்தினால் இரண்டு வழியிலும் போய்ப் பாருங்கள். தவறான வழி அடுத்த இரண்டு மூன்று படிகளுக்குள் அபத்தமான ஒன்றைக் கேட்டுத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டுமே பொருந்தவில்லையென்றால் சிக்கல் இந்தப் படியில் இல்லை. மூன்று நான்கு படிகளுக்கு முன்னால் எங்கோ திரும்பியிருக்கிறீர்கள். அல்லது அந்தத் திறவுகோல் வேறொரு நிலப்பகுதிக்கு எழுதப்பட்டது. ஒரு பகுதியின் சிற்றினங்களை மட்டும் பிரிக்க எழுதிய திறவுகோல், அதில் இடம்பெறாத ஈயையும் ஏதாவது ஒரு பெயரில் கொண்டுபோய் நிறுத்தும். அது மறுக்காது, எச்சரிக்காது. அதனால் திறவுகோல் தரும் பெயரை முடிவாகக் கொள்ளாமல், முழு வருணனையோடும், முடிந்தால் வல்லுநர் பெயரிட்ட மாதிரியோடும் ஒப்பிடுங்கள். வருணனையில் திறவுகோல் கேட்காத பண்புகள் இருக்கும். சரியான பெயர் என்றால் அவையும் பொருந்தும்.

அறிகுறி: கையில் இருப்பது பெண் ஈக்கள் மட்டுமே

டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர், டிரோசோஃபிலா சிமுலன்ஸ் இரண்டையும் இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. மரபியலாளர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த ஈ மெலனோகாஸ்டர். அப்படியிருந்தும் அதன் நிழலிலேயே இன்னொரு சிற்றினம் வாழ்வதை ஆல்ஃபிரட் ஸ்டர்ட்டிவன்ட் 1919-இல்தான் பெயரிட்டு விவரித்தார். கலப்பினச் சோதனையே இரண்டும் வேறு என்று காட்டியது: மெலனோகாஸ்டர் பெண்ணைச் சிமுலன்ஸ் ஆணோடு சேர்த்தால் பெண் குஞ்சுகளே பிழைக்கின்றன, அவையும் மலடு. ஆண்களில் வேறுபாடு தெளிவு. பிறப்புறுப்பின் வளைவில் உள்ள பின்மடல் சிமுலன்ஸில் அகன்று சிப்பி வடிவில் இருக்கும். மெலனோகாஸ்டரில் சிறுத்து ஒடுங்கியிருக்கும். நல்ல நுண்ணோக்கி இருந்தால் அறுக்காமலே தெரியும்.

பெண்ணிலோ கன்னத்தின் அகலம் மெலனோகாஸ்டரில் சற்றுக் கூடுதல் என்பதைத் தவிர வெளியில் அதிகம் இல்லை. பழகிய கண் அதைப் பயன்படுத்தும். பழகாத கண்ணுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மாற்று வழி எளிது. பிடித்த பெண் ஈயைக் கொல்லாமல் தனிக் குப்பியில் உணவோடு விடுங்கள். வெளியில் பிடிபடும் பெண் பெரும்பாலும் இணைசேர்ந்தே இருக்கும். இரண்டு வாரங்களுக்குள் மகன்கள் வெளிவருவார்கள். மகன்களின் பின்மடல் தாயின் பெயரைச் சொல்லும். இது பல குழுக்களுக்கும் பொருந்தும். பெண் ஈயை உடனே ஆல்கஹாலில் போடும் கைப்பழக்கத்தை மாற்றிக்கொண்டாலே பாதிச் சிக்கல் வராது.

அறிகுறி: எத்தனை ஈ எடுத்தாலும் எல்லாம் ஒரே அச்சு

மார்பில் மூன்று கரிய கோடுகள், வயிற்றில் ஒளிக்கேற்ப இடம் மாறும் சதுரங்கக் கட்டங்கள், சாம்பல் உடல். இறைச்சி ஈக்களின் சார்க்கோஃபாகா பேரினம். வெளித்தோற்றத்தில் நேரம் செலவழிக்க வேண்டாம். ஆணின் பிறப்புறுப்பைப் பார்ப்பதே வழி. பச்சை ஈக்களான லூசிலியா சீசர், லூசிலியா இல்லஸ்ட்ரிஸ் இரண்டையும் பிரிப்பதற்கும் கடைசியில் அங்கேதான் வர வேண்டும்: சீசர் ஆணின் வயிற்று நுனி பெரிதாகப் புடைத்துப் பளபளக்கும், இல்லஸ்ட்ரிஸில் சிறியது.

ஈ புதிதாகச் செத்திருந்தால் வேலை சுலபம். நுனி வளைத்த நுண் ஊசியால் வயிற்று நுனியைக் கொக்கிபோட்டுப் பின்னுக்கு இழுத்து, அந்த நிலையிலேயே உலரவிடுங்கள். பிறகு அறுக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது. உலர்ந்து இறுகிப் போயிருந்தால் ஈரத்தாள் விரித்த மூடிய பெட்டியில் ஒரு நாள் வையுங்கள். பூஞ்சை பிடிக்காமலிருக்கச் சிறிது தைமால் போடுங்கள். உடல் இளகியதும் இழுக்கலாம்.

அப்படியும் தெரியாவிட்டால் அறுப்பு. வயிற்றின் கடைசிக் கண்டங்களை நுண் கத்தரியால் வெட்டி, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இடுங்கள். அறை வெப்பத்தில் ஓர் இரவு, அல்லது வெந்நீர்த் தொட்டியில் சில நிமிடங்கள். தசை கரைந்து கடினப் பகுதிகள் மட்டும் நிற்கும்போது எடுத்துவிட வேண்டும். சூடுபடுத்தினால் பக்கத்திலேயே இருங்கள். மறந்துவிட்டால் மெல்லிய சவ்வுகளும் நிறமும் போய், ஒப்பிடுவதற்கு வெறும் கண்ணாடிக் கூடுதான் மிஞ்சும். கண்ணைக் காக்கும் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். நீரில் அலசி, நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் ஒரு முறை தோய்த்துக் காரத்தை முறித்து, மீண்டும் அலசி, கிளிசரினுக்கு மாற்றுங்கள். குழிவுள்ள கண்ணாடித் தட்டில் பக்கவாட்டிலும் பின்புறத்திலிருந்தும் பாருங்கள்.

இங்கே பொதுவாக நிகழும் பிழை கோணம். நூலில் உள்ள படம் நேர்ப்பக்கத்திலிருந்து வரையப்பட்டது. உங்கள் உறுப்பு சற்றுச் சாய்ந்து கிடக்கிறது. வளைவு வேறாகத் தெரிகிறது. புதிய சிற்றினமோ என்ற எண்ணம் வருகிறது. இடப்பக்க மடலும் வலப்பக்க மடலும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் படியும் வரை திருப்புங்கள். அப்போதுதான் அது உண்மையான பக்கவாட்டுத் தோற்றம். கண்ணாடி மூடியால் அழுத்தித் தட்டையாக்குவதும் உருவத்தைத் திரிக்கும். பார்த்து முடித்ததும் உறுப்பைக் கிளிசரின் உள்ள நுண்குப்பியில் இட்டு அதே ஈயின் ஊசியிலேயே குத்திவையுங்கள். தனிப் பெட்டியில் வைத்த உறுப்பும் அதன் உடலும் பிரிந்துபோனால் இரண்டுமே பயனற்றவை.

அறிகுறி: அளவுகள் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன

புழுப் பருவத்தில் உணவு குறைந்தால் ஈ சிறுத்துப் பிறக்கும். ஆகவே தனி நீளத்தை விட்டு விகிதத்தை எடுங்கள். பழ ஈக்களில் முட்டையிடும் ஊசியின் நீளத்தை அளக்கும்போது அது முழுதாக வெளியே நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஓர் ஈயை அளந்து முடிவு சொல்ல வேண்டாம். ஒரே இடத்தில் பிடித்த பல ஈக்களின் அளவுகளை வரைபடமாக இட்டால், இரு திரள் இருக்கிறதா, ஒரே நீண்ட திரளா என்பது கண்ணுக்குத் தெரியும்.

அறிகுறி: டி.என்.ஏ. ஒன்று சொல்கிறது, உடல் வேறொன்று சொல்கிறது

மைட்டோகாண்ட்ரியாவின் சி.ஓ.ஐ. மரபணுவில் சுமார் 658 காரப்பகுதிகளை (டி.என்.ஏ.வின் எழுத்துகளை) படித்து ஒப்பிடுவதே டி.என்.ஏ. பார்கோடு. இது அருமையான கருவி. ஆனால் அதன் விடையைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. நெருங்கிய சிற்றினங்களில்தான் அது தடுமாறுகிறது.

முரண்பாடு வந்தால், முதலில் ஒப்பீட்டுத் தரவுத்தளத்தில் உள்ள வரிசைக்கு யார் பெயரிட்டார்கள், எந்த மாதிரியிலிருந்து என்று பாருங்கள். தவறாகப் பெயரிட்ட ஓர் ஈயின் வரிசை அங்கே இருந்தால், அது உங்கள் ஈக்கும் அதே தவறான பெயரைத் தரும். அடுத்து, வரிசையைப் புரத மொழிக்கு மாற்றிப் பாருங்கள். இடையில் நிறுத்தக் குறி வந்தால், உட்கருவுக்குள் நகலாகிப் புகுந்த பழைய துண்டைப் படித்திருக்க வாய்ப்பு அதிகம்.

இவை இரண்டும் சரியாக இருந்தும் முரண்பாடு நீங்கவில்லையென்றால் காரணம் ஈக்களின் வரலாற்றிலேயே இருக்கலாம். லூசிலியா சீசரையும் இல்லஸ்ட்ரிஸையும் சி.ஓ.ஐ. நம்பகமாகப் பிரிப்பதில்லை. லூசிலியா குப்ரினாவின் ஒரு துணையினத்தில் மைட்டோகாண்ட்ரிய வரிசை சொந்தச் சிற்றினத்தைவிடச் செரிகேட்டாவுக்கு நெருக்கமாக இருக்கிறது. பறவைக் குஞ்சுகளின் இரத்தத்தை உறிஞ்சும் புழுக்களைக் கொண்ட புரோட்டோகாலிஃபோரா பேரினத்தில் 2007-இல் வெளியான ஆய்வு, உருவால் தெளிவாகப் பிரியும் சிற்றினங்கள் பார்கோடில் கலந்துபோவதைக் காட்டியது. அதற்கு வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவோடு தொடர்பு இருப்பதையும் சுட்டியது. வோல்பாக்கியாவும் மைட்டோகாண்ட்ரியாவும் தாய் வழியாகவே செல்கின்றன. கலப்பின் மூலம் பாக்டீரியா ஒரு சிற்றினத்திலிருந்து மற்றொன்றுக்குப் பரவும்போது மைட்டோகாண்ட்ரியாவும் கூடவே போய்விடுகிறது. எனவே உட்கரு மரபணு ஒன்றையாவது சேர்த்துப் படியுங்கள். அதுவும் பிறப்புறுப்பும் ஒரே பக்கம் நின்றால், மைட்டோகாண்ட்ரியா சொல்வதை ஒதுக்கிவைக்கத் தயங்க வேண்டாம்.

அறிகுறி: பழைய நூலில் இருக்கும் பெயர் புதிய பட்டியலில் இல்லை

பழ ஈக்களில் பேக்ட்ரோசெரா டார்சாலிஸ் கூட்டத்தைப் பாருங்கள். 1994-இல் பப்பாயே, பிலிப்பினென்சிஸ், கேரம்போலே ஆகியவை தனிச் சிற்றினங்களாக விவரிக்கப்பட்டன. ஆப்பிரிக்காவில் பரவிய ஈக்கு 2005-இல் இன்வாடென்ஸ் என்று பெயரிட்டார்கள். மார்பின் நிறமும் ஊசியின் நீளமும் இவற்றைப் பிரிக்கும் என்று நம்பிப் பலர் உழைத்தார்கள். அளவுகள் படிந்துகொண்டே போயின. இணைசேர்க்கைச் சோதனையில் தடை தென்படவில்லை. 2015-இல் பப்பாயே, பிலிப்பினென்சிஸ், இன்வாடென்ஸ் மூன்றும் டார்சாலிஸின் மறுபெயர்கள் என்று அறிவிக்கப்பட்டன. கேரம்போலே மட்டும் தனியாக நிற்கிறது. ஆண் ஈக்களை ஈர்க்கும் மெத்தில் யூஜினால் என்ற பொருளை உண்ட ஆண் ஈக்கள் உடலில் உருவாக்கும் வேதிப்பொருள்கள் இரண்டிலும் வேறுபடுவதும் அதற்கொரு காரணம்.

ஆக, ஒரு மாதிரியை நீங்கள் பிரிக்கவே முடியவில்லையென்றால், பிரிப்பதற்கு எதுவும் இல்லாமலும் இருக்கலாம். நூல் எந்த ஆண்டு வந்தது என்று பார்த்து, அதற்குப் பின் வந்த பெயர் மாற்றங்களைத் தேடிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

அறிகுறி: புழுவோ முட்டையோ மட்டுமே கிடைத்திருக்கிறது

உயிரோடு இருந்தால் பாதியைக் கொன்று பாதுகாத்து, மீதியை வளர்த்து ஈயாக்குங்கள். புழுக்களைக் கொதித்து இறக்கிய வெந்நீரில் சில நொடிகள் இட்டுப் பிறகு ஆல்கஹாலுக்கு மாற்றினால் கறுக்காது, சுருங்காது. பின்முனையின் சுவாசத் துளைகளையும் வாய்க்கொக்கியையும் பாருங்கள்.

இளம் பருவம் குறைந்த சான்று என்று எண்ண வேண்டாம். உயிருள்ள விலங்கின் சதையைத் தின்னும் காக்லியோமையா ஹோமினிவோராக்ஸும், அழுகிய சதையைத் தேடும் காக்லியோமையா மாசெல்லாரியாவும் நெடுங்காலம் ஒன்றாகவே கருதப்பட்டன. 1933-இல் குஷிங், பாட்டன் இருவரும் அவற்றைப் பிரித்துக் காட்டினார்கள். அதுவரை பிணங்களில் மொய்த்த ஈக்களைக் கொன்று கால்நடைகளைக் காக்க முயன்றவர்கள் பெரும்பாலும் வேறொரு ஈயோடு போராடிக்கொண்டிருந்தார்கள். சரியான ஈ எது என்று தெரிந்த பிறகே அதன் வாழ்வை ஆராய முடிந்தது. 1954-இல் குராசோ தீவில் மலட்டு ஆண்களை விட்டு அதை ஒழிக்கவும் முடிந்தது. முதிர்ந்த புழுவில் வேறுபாடு எளிது: ஹோமினிவோராக்ஸின் பின்பகுதியில் இரு கரிய மூச்சுக் குழாய்கள் பல கண்டங்கள் வரை தோலின் வழியே தெரியும்.

ஈக்களின் வரிசையைச் சேர்ந்த கொசுக்களிலும் இப்படி ஒன்று உண்டு. மலேரியாவைப் பரப்பும் கொசு என்று கருதப்பட்ட அனாஃபிலிஸ் மாகுலிபென்னிஸ் நிறைந்திருந்தும் ஐரோப்பாவின் சில ஊர்களில் அந்நாளில் மலேரியா இருக்கவில்லை. ஃபல்லெரோனி 1926-இல் முட்டைகளின் மேலிருந்த கோலங்களைக் கொண்டு அதனுள் வேறு வடிவங்களைப் பிரித்தார். முதிர்ந்த கொசு காட்டாததை முட்டை காட்டியது.

அறிகுறி: எல்லாம் செய்தாயிற்று, பெயர் வரவில்லை

பேரினத்தோடு நிறுத்துங்கள், அல்லது இரண்டு பெயரையும் எழுதுங்கள். லூசிலியா சீசர் அல்லது இல்லஸ்ட்ரிஸ், பெண் என்ற சீட்டு முழுமையான அடையாளம். அது உண்மையைச் சொல்கிறது, பின்னால் வருபவருக்கு எங்கே தொடர்வது என்றும் காட்டுகிறது. எந்தத் திறவுகோலின் எந்தப் படியில் நின்றீர்கள், எந்தப் பண்பைப் பார்க்க முடியவில்லை என்பதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

வல்லுநருக்கு அனுப்புவதானால் ஒற்றை ஈயை அனுப்பாதீர்கள். அதே இடத்தில், அதே நாளில் பிடித்த ஆண்களையும் பெண்களையும் சேர்த்து அனுப்புங்கள். பிடித்த இடம், நாள், எதன்மேல் இருந்தது என்ற விவரம் ஒவ்வொரு ஊசியிலும் இருக்கட்டும். சிலவற்றை 95 சதவீத ஆல்கஹாலில் குளிரில் வையுங்கள், டி.என்.ஏ.வுக்கு ஒரு கால் போதும். எப்போதும் ஒரே பக்கத்தின் ஒரே காலை எடுங்கள், மறுபக்கம் முழுதாக இருக்கும். எடுத்த காலின் குப்பிக்கும் ஈயின் ஊசிக்கும் ஒரே எண்ணைக் கொடுங்கள்.